ஐந்தரைக்கு மேல் செசிலியக்கா

செசிலியக்கா போய்விட்ட செய்தியை அவர் மகள் ரெஜினாதான் தொலைபேசியில் சொன்னாள். "அம்மா தூக்கத்துலயே போயிட்டாங்க சித்தி. நாளைக்கு சாயங்காலம் நாலு மணிக்கு அடக்கம். நேரத்துக்கு வந்துடுங்க, அம்மாவப் பத்திதான் ஒங்களுக்குத் தெரியுமே." அதுவரை அழுதுகொண்டிருந்த நான் அந்தக் கடைசி வார்த்தையைக் கேட்டுச் சிரித்துவிட்டேன். மறுமுனையில் ரெஜினாவும் சிரித்தாள். காரைக்காலில் அந்த வீட்டில் பிள்ளையை விட்டுவிட்டு வேலைக்கு ஓடியவர்கள் யாரும் இதைத் தப்பாக நினைக்க மாட்டார்கள்.

எழுபதுகளின் கடைசியில் எங்களுக்குக் காப்பகம் என்ற சொல்லெல்லாம் பழக்கமில்லை. செசிலியக்கா வீடு, அவ்வளவுதான். ஒரு கூடம், பத்துப் பிள்ளைகள், ஒரு சுவர்க் கடிகாரம். நான் அரசு அலுவலகம் ஒன்றில் தட்டச்சராக இருந்தேன். கணவரைக் கேரளக் கரையிலிருக்கும் மாஹேக்கு மாற்றியிருந்தார்கள். சுரக்குடியில் இருந்த மாமனார் மாமியாருக்கு வயல் வேலையே சரியாக இருந்தது. ஒன்றரை வயதுச் செல்வியை இடுப்பில் வைத்துக்கொண்டு அக்கா முன்னால் போய் நின்றேன்.

"காலையில எட்டரையிலேர்ந்து ஒம்பதுக்குள்ள விடணும். சாயங்காலம் அஞ்சரைக்குள்ள கூட்டிக்கிட்டுப் போயிடணும். சம்மதம்னா பிள்ளையக் குடு" என்றார்.

"ஒம்பதே கால் ஆச்சுன்னா?" என்று இழுத்தேன்.

"ஒம்பது வரைக்கும் இந்த வீட்ல அழுவுற நேரம் வசந்தா. எல்லாம் ஒண்ணா அழுது முடிச்சிடும். அதுக்கு மேல நீ ஒண்ணக் கொண்டாந்து விட்டீன்னா, முடிச்சதெல்லாம் முதல்லேர்ந்து ஆரம்பிக்கும்."

இதை நான் முழுதாக நம்பவில்லை. ஒரு நாள் ஒன்பதே காலுக்குப் போய்க் கதவைத் தட்டினேன். அக்கா ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார். இடுப்பில் செல்வி வீறிட்டுக்கொண்டிருந்தாள். "கடைத்தெருவ ஒரு சுத்து சுத்திக்கிட்டு, சிரிக்கிற பிள்ளையாக் கொண்டா" என்று சொல்லி ஜன்னலைச் சாத்திவிட்டார். செல்விக்கு மீன்கூடை காட்டி, ஆட்டுக்குட்டி காட்டி, சிரிக்க வைத்துக் கொண்டுவந்து விடுவதற்குள் எனக்கு அரை நாள் விடுப்பு போயிற்று. மூக்குக்கு மேல் கோபம் வந்தது. ஆனால் கதவு திறந்தபோது பார்த்தேன், உள்ளே ஒரு பிள்ளைகூட அழவில்லை.

மாலை நேரத்தில் அவர் இன்னும் கறார். ஒரு பிள்ளையின் அப்பா, நல்ல உத்தியோகத்தில் இருந்தவர், ஐந்தே முக்காலுக்கு வந்து கையை நீட்டிக் காட்டினார். "என் வாட்ச்ல அஞ்சு இருபத்தஞ்சுதாங்க ஆவுது." அக்கா அந்தக் கடிகாரத்தைக் கரிசனத்தோடு பார்த்தார். "பாவம் சார், வளர்ச்சி பத்தல. நாளையிலேர்ந்து அதையும் இங்கயே விட்டுட்டுப் போங்க, நான் பாத்துக்கறேன்" என்றார். மறுநாள் அந்த மனிதர் ஐந்தேகாலுக்கே வாசலில் நின்றார்.

ஐந்தரைக்கு மேல் அக்காவுக்கு என்ன வேலை என்று எங்களுக்குள் ஒரே ஆராய்ச்சி. செபமாலை சொல்ல மாதா கோயிலுக்குப் போகிறார் என்பது பொதுவான முடிவு. கேட்டால், "எனக்கும் வேல இருக்கு" என்பதற்கு மேல் ஒரு வார்த்தை வராது.

என் பாடுதான் திண்டாட்டமாகிவிட்டது. எங்கள் அலுவலகத்துக்குப் புதிதாக வந்த அதிகாரி நல்லவர்தான். ஆனால் நாள் முழுக்க விட்டுவிட்டு, ஐந்து மணிக்குக் கிளம்பும்போதுதான் "அர்ஜென்ட்" என்று ஒரு கடிதத்தை நீட்டுவார். ஒரே வாரத்தில் மூன்று நாள் தாமதம். வியாழக்கிழமை அக்கா நிதானமாகச் சொன்னார்: "இன்னொரு தடவ ஆச்சுன்னா பிள்ளைய வச்சுக்க மாட்டேன்." வேறு வீடு கிடையாது. வேலையை விடவேண்டியதுதான்.

வெள்ளிக்கிழமை ஐந்து மணி. கடிதம் வந்தது. "சார், பிள்ளை..." என்று ஆரம்பித்தேன். "ரெண்டே பக்கம்மா" என்றார். அடித்தேன். அவசரத்தில் தப்புத் தப்பாக விழுந்தது. ஐந்தே முக்காலுக்கு அவர் மேசையில் கடிதத்தை வைத்த நேரம், வாசலில் சைக்கிள் ரிக்ஷா மணி கேட்டது.

செசிலியக்கா செல்வியோடு உள்ளே வந்தார். என்னைத் திரும்பியும் பார்க்கவில்லை. நேரே போய் அதிகாரியின் மேசைமேல் பிள்ளையை உட்காரவைத்தார்.

"சார், அஞ்சரை வரைக்கும் இவ என் பொறுப்பு. அதுக்கு மேல இவ அம்மாவ யாரு நிறுத்தி வச்சிருக்காங்களோ அவங்க பொறுப்பு. பால் குடிச்சாச்சு. வரேங்க." ரிக்ஷா கிளம்பிவிட்டது.

செல்வி முத்திரை மையில் கையை நன்றாக அமுக்கி, அந்த அர்ஜென்ட் கடிதத்தின்மேல் பதமாக வைத்தாள். ஊதா நிறத்தில் ஐந்து விரல். "போங்கம்மா" என்றார் அதிகாரி, ஈனக் குரலில்.

வேலை போயிற்று என்றே நினைத்தேன். செல்வியைத் தூக்கிக்கொண்டு அக்கா வீட்டுக்கு ஓடினேன், பூட்டியிருந்தது. கோயிலிலும் இல்லை. திரும்பி வந்த ரிக்ஷாக்காரர்தான், "கடற்கரையில எறக்கிவிட்டேன், எப்பவும் அங்கதான்" என்றார். அவர் வண்டியிலேயே ஏறிப் போனேன். மணலில் காலை நீட்டி உட்கார்ந்து, செசிலியக்கா தனியாக வறுத்த கடலை தின்றுகொண்டிருந்தார்.

"இப்படிப் பண்ணிட்டீங்களேக்கா! இதுதான் ஒங்க வேலையா?" அழுகையும் ஆத்திரமுமாகக் கத்தினேன்.

"ஆமா, இதான். பத்துப் பிள்ளை சத்தம் கேட்ட காதுக்கு இந்தச் சத்தம் வேணும். இது இல்லாட்டி நாளைக்கு ஒம் பிள்ளைய அடிச்சிடுவேன்." கடலைப் பொட்டலத்தை என் பக்கம் நகர்த்தினார். "ஒனக்கு நான் நேரம் சொல்லிட்டேன். ஒன்ன நிறுத்தி வைக்கிற ஆளுக்கு யாருமே சொல்லலியே. அதான் போய்ச் சொல்லிட்டு வந்தேன். உக்காரு."

உட்கார்ந்தேன். கல்யாணமாகி நாலு வருஷத்தில் நான் சும்மா உட்கார்ந்த முதல் மாலை அது.

திங்கட்கிழமை அதிகாரி அந்தக் கடிதத்தை என்னிடம் நீட்டினார். "இத மறுபடி அடிங்கம்மா. கைநாட்டு வச்ச கடிதத்துல நான் எப்படிக் கையெழுத்துப் போடுறது?" சிரிக்காமல்தான் சொன்னார். அன்று முதல் எனக்குக் கடிதங்கள் மூன்று மணிக்கே வந்தன. நான் வேலையில் நீடித்தேன், கண்காணிப்பாளரானேன். என்னிடம் வேலை பார்த்த எந்தப் பெண்ணையும் ஐந்து மணிக்கு மேல் ஒரு நிமிடம் நிறுத்தியதில்லை. அந்த ஊதாக் கை பதிந்த தாள் இன்னும் என் பீரோவில் இருக்கிறது.

அடக்கத்துக்கு அரை மணி முன்னதாகவே போய்விட்டேன். திருச்சியிலிருந்து செல்வி மூன்று ஐம்பத்தேழுக்கு மூச்சிரைக்க வந்து சேர்ந்தாள். தாமதமாக வந்த சொந்தக்காரர்களுக்காகக் கொஞ்சம் பொறுக்கலாமா என்று பங்குச் சாமியார் கேட்டார். "வேணாம் சாமி, அம்மாவுக்குப் பிடிக்காது" என்றாள் ரெஜினா. சரியாக நாலு மணிக்குத் தூக்கினார்கள்.

எல்லாம் முடிந்து வெளியே வந்தபோது ஐந்தரை. செல்வி என் கையைப் பிடித்துக்கொண்டாள். கடற்கரைக்குப் போய்க் கடலை வாங்கிக்கொண்டு, இருட்டும்வரை சும்மா உட்கார்ந்திருந்தோம்.