நீதிபதியிடம் சொல்லலாம் என்று வைத்திருந்தது

அகதி விசாவுக்கான நேர்காணலில், இலங்கை இராணுவ முகாமில் தனக்கு நடந்ததை என் தம்பி சொல்லவில்லை. அதிகாரி ஒரு இளம் பெண். அவள் முன்னால் அதைச் சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை. விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. அதை மறுபடி விசாரித்த தீர்ப்பாயத்திலும் அவன் பேசவில்லை. "கோர்ட்டில ஜட்ஜிட்டச் சொல்லுறன் அக்கா" என்றான். நானும் அதை நம்பினேன்.

சிட்னி நீதிமன்றத்தில் அவன் எழுந்து, முதுகுத் தழும்புகளைக் காட்டச் சட்டைப் பொத்தானில் கை வைத்தான். நீதிபதி தடுத்துச் சொன்னதை மொழிபெயர்ப்பாளர் தமிழில் சொன்னார்: "நீங்க சொல்றது உண்மையான்னு முடிவு பண்ற அதிகாரம் எனக்கு இல்லை. அது தீர்ப்பாயத்தோட வேலை. அவங்க சட்டப்படி முடிவெடுத்தாங்களான்னு மட்டும்தான் நான் பார்க்க முடியும்."

வழக்கு தள்ளுபடியானது. அவனைக் காரில் வீட்டுக்குக் கூட்டி வந்தேன். வீட்டு வாசலில், "அப்ப நான் ஆரிட்டச் சொல்லியிருக்க வேணும்?" என்று கேட்டான்.

அவனைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். இராணுவம் தேடி வருமோ என்ற பயத்தில், ஊரில் அவன் இன்றும் ஒரே வீட்டில் தொடர்ந்து தூங்குவதில்லை.

இப்போது தெரிந்தவர் யாராவது நேர்காணலுக்குப் போனால், அதற்கு முந்தின நாளே போய் அவர்களோடு இருக்கிறேன். "பெண்ணிட்டச் சொல்ல ஏலாதெண்டால் ஆம்பிளை அதிகாரியைக் கேளுங்கோ. ஜட்ஜ் இருக்கிறார் எண்டு ஒண்டையும் மிச்சம் வையாதேங்கோ" என்கிறேன்.

- ஒரு வாசகி, சிட்னி