சிகரத்துக்குப் பக்கத்து வீட்டுக்காரி

கல்லை முதலில் நக்குவார். கண்ணாடி மாட்டிப் பார்ப்பதெல்லாம் அப்புறம்தான். ஈரம் பட்டால் கல்லின் மணிகள் பளிச்சென்று தெரியும். கல்லூரியில் நிலவியல் நடத்திய டீச்சருக்கு, இடுப்பெலும்பு முறிந்து தடி ஊன்றும் வயதிலும் அந்தப் பழக்கம் போகவில்லை.

நகரத்திலிருந்து பார்க்க வந்த அண்ணன் மகன் இதைக் கண்டு வெலவெலத்துப்போனான். "அத்தைக்குப் புத்தி கலங்கிடுச்சு. கல்லைத் திங்கிறாங்க!" என்று மனைவிக்குப் போன் போட்டான். தன் வீட்டுக்குக் கூட்டிப்போக, கையோடு அத்தையின் துணிமணியையும் பையில் திணித்தான்.

கவனிப்புக்கு வரும் பெண் தடுத்துப் பார்த்தாள். "தானே குளிக்கிறாங்க, மாத்திரை மறக்கிறதில்ல. மூளைக்கு ஒண்ணுமில்லீங்க, வாய்தான் கொஞ்சம் ஜாஸ்தி."

வீட்டின் பின்னால் நிற்கும் சிகரம் சின்னது. காலண்டரில் வரும் பெரிய மலைகள் அதற்குப் பின்னால் இருக்கின்றன. படம் பிடிக்க வருகிறவர்கள், இது மறைக்கிறது என்று சலித்துக்கொள்வார்கள். டீச்சருக்குப் பற்றிக்கொண்டு வரும். ஒரு காலத்தில் பூமிக்கடியில் விரிசலுக்குள் புகுந்து இறுகிய கருங்கல் அது. சுற்றியிருந்த மெத்தென்ற பாறையை மழை தின்று தீர்த்தது. இதை மட்டும் அசைக்க முடியவில்லை. வடக்கே சுவர்போல் செங்குத்து, தெற்கே உடைகல் சரிவு. கருங்கல்லும் அடியில் மிஞ்சிய மெத்தென்ற பாறையும் சேரும் இடத்தில் கசியும் நீர்தான் தெருக்குழாயில் வருகிறது.

"இந்தக் குன்றுக்காகவா அத்தை அடம்பிடிக்கிறீங்க?"

"குன்றுன்னு சொன்னே, பல்லு போயிரும். தலை இருக்கு, தோள் இருக்கு, ரெண்டு பக்கமும் தண்ணி பிரிஞ்சு ஓடுது. சிகரம்டா!"

"எங்க வீட்ல லிஃப்ட் இருக்கு."

"ஜன்னல்ல என்ன இருக்கு?"

"எதிர்வீட்டு ஜன்னல்..."

"அவங்க மூஞ்சிய நானும், என் மூஞ்சிய அவங்களுமா பாத்துட்டுக் கெடக்கணுமா?"

"வயசாயிடுச்சு அத்தை. தனியா விட்டுட்டுப் போக மனசு வரலே."

"பின்னால நிக்கிறானே சிகரம், அவனுக்குக் கோடிக்கணக்குல வயசு. யாராவது கீழ எறக்கிக் கூட்டிட்டுப் போறாங்களா?"

அண்ணன் மகன் பையைக் காரின் பின்னிருக்கையில் வைத்து, அந்தக் கதவைத் திறந்து பிடித்தபடி நின்றான்.

டீச்சர் எழுந்தார். கைப்பிடியைப் பற்றி, இடுப்பு முறிந்த பக்கத்துக் காலை முதலில் வைத்து, ஒவ்வொரு படியாக இறங்கினார். தாங்கிப் பிடிக்க வந்தவனை முறைத்தே நிறுத்தினார். வழிக்கு வந்துவிட்டார் என்று அவன் முகம் மலர்ந்தது.

கார் வரை வந்தார். தடியின் வளைவைப் பையின் காதில் மாட்டி, வெளியே இழுத்துப் போட்டார். பிறகு தடியின் நுனியால் கதவை ஓங்கிச் சாத்தினார்.