பரணி சாமா

காலை 9.10, திண்டிவனம் பேருந்து நிலையம். மரக்காணம் முப்பத்தைந்து கிலோமீட்டர்; டிக்கெட் 35 ரூபாய். தமிழ் எழுத்தில் ஜப்பான் சொற்கள் எழுதிய என் நோட்டைப் பக்கத்து சீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார்.

"இன்னாபா, மந்திரமா?"

"ஆமா, ஏரோப்ளேன் மந்திரம்."

வெள்ளிக்கிழமை ஜப்பானுக்கு எனக்கு விமானம். இரண்டாம் முறை. போன வருடம் டோக்கியோவில் விமானம் மாறவேண்டியிருந்தது. கேட்டை மாற்றிவிட்டார்கள், தெரியாமல் பழைய கேட்டிலேயே உட்கார்ந்திருந்தேன். ஒலிபெருக்கியில் "பரணி சாமா, பரணி சாமா" என்று கதறினார்கள். எவன்டா அந்தச் சோம்பேறி பரணி என்று திட்டினேன். என் பெயர் பழனி. அவர்களுக்கு ழ வராது, ல வராது. 'சாமா' என்பது மரியாதை. மரியாதையாகக் கூப்பிட்டுவிட்டு விமானம் போய்விட்டது. வேலைக்கு எடுத்திருந்த மீன் தொழிற்சாலைக்காரன் அந்த வாரமே திருப்பி அனுப்பினான். இந்த முறையும் விட்டால் அவ்வளவுதான்.

10.20, மரக்காணம். மளிகைக் கடைக்காரர் மகள் நஸ்ரின் காத்திருந்தாள். ஜப்பானில் மூன்று வருடம் முதியோர் இல்லத்தில் வேலை பார்த்தவள். அவர்கள் கூப்பிடுவதைக் கேட்டுப் பழகத்தான் அவளிடம் வந்தேன்.

"கடைல ஒரே சத்தம். உப்பளத்துக்குப் போலாண்ணா. தூரத்துலேர்ந்து கூப்புடுவேன். கையத் தூக்கலன்னா ஃப்ளைட்டு போச்சு."

11 மணி. உப்பளத்தில் காற்றில்லை. வானம் எங்கே முடிகிறது, பாத்தித் தண்ணீர் எங்கே தொடங்குகிறது என்று தெரியவில்லை. எல்லாம் வெள்ளை. நஸ்ரின் ஓர் உப்புக் குவியலுக்குப் பின்னால் மறைந்தாள். குரல் மட்டும் எல்லாப் பக்கத்திலிருந்தும் வந்தது.

"பரணி சாமா! சைஷூ அன்னாய்!" கடைசி அறிவிப்பு.

இரண்டு தடவை கோட்டை விட்டேன். மூன்றாவதில் கையைத் தூக்கினேன். பின்னால் கூடை விழும் சத்தம். உப்பு வாரும் பெண் ஒருத்தி வரப்பில் ஓடி வந்தாள்.

"எங்க? எங்க இருக்கான்?"

எக்கியார்குப்பத்துக்காரி. புருஷன் பெயர் பரணி. கடலுக்குப் போய் நாற்பது நாளாகத் திரும்பவில்லை.

நஸ்ரின் ஓடிவந்தாள். "மாப்பு பண்ணுங்கக்கா. இவரு பழனி. ஜப்பான்ல இப்பிடித்தான் கூப்புடுவாங்க."

"ஜப்பான்லயா? மைக்குலயா?"

"ஆமாக்கா."

"அப்ப அவனுக்கும் கேக்கும்ல?"

அது நான்தாம்மா என்றேன், முகத்துக்கு நேராக. அவள் என்னைப் பார்க்கக்கூட இல்லை.

"இன்னொருவாட்டி கூப்புடும்மா. அண்ணா, நீ கையத் தூக்காத. அவன் தூக்கட்டும்."

நஸ்ரின் கூப்பிட்டாள். என் கை எழவில்லை. அந்த வெள்ளையையே மூன்று பேரும் பார்த்துக்கொண்டு நின்றோம். வெகுநேரம்.

12.40, திரும்பும் பேருந்து. அதே 35 ரூபாய். இந்த முறையும் டோக்கியோவில் அந்தப் பெயரைக் கூப்பிடுவார்கள். நான் ஓடத்தான் வேண்டும். என் பிழைப்பு அது. ஆனால் முதல் தடவைக்கு எழுந்திருக்க மாட்டேன். வேறு எவனாவது வருகிறானா என்று பார்ப்பேன். இரண்டாம் தடவைக்குத்தான் ஓடுவேன்.