பூ இருக்கும் அறை

தூரிகையின் முனையை நாக்கில் வைத்துத்தான் கூராக்குவாள் அலேய்டா. ரொட்டிக்கடையில் அவள் வாயைத் திறந்ததும் கடைக்காரர், "இன்னிக்கு இலையா?" என்பார். நாக்கு பச்சையாக இருக்கும். "தண்டு" என்று திருத்திவிட்டு ரொட்டியை வாங்கிக்கொள்வாள்.

ஹார்லெம் ஊரில் துலிப் பூக்கிழங்கு வளர்த்து விற்கும் தோட்டக்காரர்களுக்குப் படம் போடுகிறாள். கிழங்கு பருக்க வேண்டுமென்று அவர்கள் பூத்தவுடனே பூக்களைக் கொய்து கால்வாயோரம் கொட்டிவிடுவார்கள். பிறகு கிழங்கு வாங்க வருபவர்களுக்குக் காட்ட அவள் படம்தான் மிச்சம். பூச்சி தின்ற ஓட்டையையும் சேர்த்தே வரைந்துவிடுவாள். அதில் அவர்களுக்கு வருத்தம்.

வீடு ஒரே அறை. பூ இருக்கும் நாளில் அடுப்பு எரியாது. சூடு பட்டால் துலிப் விரிந்துவிடும். தோட்டக்காரர்கள் கேட்பது கிண்ணம்போல் கூம்பிய பூ. கணவர் விகர்ட் படகோட்டியாக இருந்தவர். கம்பளியைப் போர்த்திக்கொண்டு நாற்காலியில் கிடப்பார்.

"இந்த வீட்டுல பூவுக்குத்தான் மரியாதை. நானும் ஜாடியில போய் நின்னுக்கட்டுமா?"

"நில்லு. வாடின இலை வரைஞ்சு நாளாச்சு."

இந்த ஏப்ரலில் மழை விடவில்லை. விகர்ட்டின் சளி நெஞ்சில் இறங்கிவிட்டது. நேற்றுக் காலை ஹூக்ஸ்மா என்ற தோட்டக்காரர் புது ரகத் துலிப் ஒன்றைக் கொண்டுவந்தார். கொய்யாமல் விட்டது அந்த ஒன்றைத்தான். மாலைக்குள் கூம்பிய பூவாகப் படம் வராவிட்டால் இனி வேறு ஆளைப் பார்த்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டுப் போனார்.

பக்கத்து வீட்டிலிருந்து நான் போனபோது, அலேய்டா தன் காலடியில் வைத்துக்கொள்ளும் தணல் போட்ட கணப்புப் பெட்டியை விகர்ட் பக்கம் தள்ளிவிட்டு, காலை மடக்கி உட்கார்ந்து வரைந்துகொண்டிருந்தாள். அடுப்பு எரிகிறதென்று விகர்ட்டை எங்கள் வீட்டுக்குக் கூப்பிட்டேன்.

"வேணாம்ப்பா. நான் பக்கத்துல இருமலேன்னா இவளுக்குக் கை ஓடாது."

அவள் தலை நிமிராமல் சிரித்தாள். அப்போது வந்த இருமல் நிற்கவில்லை. மூச்சு வாங்க முடியாமல் அவர் நாற்காலியின் கையைப் பிடித்தார். அலேய்டா எழுந்துபோய் அடுப்பைப் பற்றவைத்தாள்.

"பூ..." என்றார் விகர்ட்.

"பேசாம இரு."

அறை மெல்லச் சூடேறியது. விகர்ட் கண்ணயர்ந்தார். ஜன்னலோரம் இதழ்கள் விலகி, பூவின் அடியிலிருந்த கறுப்பு தெரிந்தது. அலேய்டா கொஞ்ச நேரம் அதையே பார்த்தாள். பாதி முடிந்த படத்தைக் கவிழ்த்துவைத்து, புதுத் தாள் எடுத்தாள். தூரிகையைக் கறுப்பில் தோய்த்து, நாக்கில் வைத்துக் கூராக்கினாள்.