ஊட்டுகிற நேரத்தில் போய்ப் பாருங்கள்

அக்கா தண்ணீர் குடித்தாள், இருமினாள். "மெதுவா குடி அக்கா" என்று முதுகைத் தட்டிவிட்டு, நான் பேப்பரில் மூழ்கினேன். பக்கவாதம் வந்து ஆஸ்பத்திரியில் சேர்த்த மறுநாள் அது. வலது கை, வலது கால், குழறும் பேச்சு என்று கவலைப்பட ஏற்கெனவே நிறைய இருந்தது. தொண்டையைப் பற்றி யாரும் நினைக்கவில்லை.

அடுத்த வாரம் காய்ச்சல் வந்தது. ஆஸ்பிரேஷன் நிமோனியா (உணவோ நீரோ வழி தவறி நுரையீரலுக்குள் போவதால் வரும் தொற்று) என்றார்கள். விழுங்கும் தசைகளையும் பக்கவாதம் விட்டுவைப்பதில்லை. அதற்கு டிஸ்ஃபேஜியா (விழுங்குவதில் சிரமம்) என்று பெயர். அரைகுறையாகப் படித்துவிட்டு எல்லாவற்றிலும் கருத்துச் சொல்லும் எனக்கு, இரண்டு சொல்லும் புதிது.

விழுங்கும் பயிற்சி தரும் தெரபிஸ்ட் சொல்லிக்கொடுத்தார். நிமிர்ந்து உட்கார வைக்க வேண்டும். முகவாயைச் சற்றுத் தாழ்த்த வேண்டும். தண்ணீரில்கூட ஒரு பொடியைக் கலந்து, கூழ் பதத்துக்குக் கொண்டுவந்து, சின்ன ஸ்பூனில் தர வேண்டும். ஒரு வாய் உள்ளே இறங்கியதைக் கண்ணால் பார்த்த பிறகே அடுத்த வாய்.

"இன்னொரு நிமோனியா வந்தா தாங்க மாட்டாங்க" என்றார் டாக்டர். "பயிற்சி குடுத்தா விழுங்கறது திரும்ப வர்ற வாய்ப்பு நல்லாவே இருக்கு. அதுவரைக்கும் ஊட்டத் தெரிஞ்ச நர்சிங் ஹோமா பாருங்க."

அக்கா தனியாள். கோலார் தங்கவயலிலிருந்து பெங்களூருக்கு வந்து, தபால் ஆபீஸ் கவுண்டரில் உட்கார்ந்து ஓய்வு பெற்றவள். ஆஸ்டின் டவுனில் அவள் வீடு இரண்டாவது மாடி, லிஃப்ட் கிடையாது. எங்கள் வீடு மல்லேஸ்வரத்தில். என் மனைவி ரேகா வேலைக்குப் போகிறாள். நான் வீட்டிலிருந்தபடி எழுதுகிறேன். அதாவது வீட்டில் இருக்கிறேன். நான் ஊட்டிய ஒரு வேளைக் கஞ்சியைப் பார்த்துவிட்டு, ரேகாவே நர்சிங் ஹோம்களுக்குப் போன் போட ஆரம்பித்தாள்.

முதலில் பார்த்த இடத்தில் வரவேற்பறையில் மீன் தொட்டி, மாடியில் புத்தக அலமாரி. எங்கும் அப்படி ஒரு அமைதி. புத்தக முதுகுகளைப் படித்தபடியே இதுதான் இடம் என்று முடிவு செய்துவிட்டேன். மேனேஜர் எதற்கும் மறுப்புச் சொல்லவில்லை. கெட்டித் தண்ணீர் உண்டா? "ஆகுது சார்." தோசை கேட்டால்? "அதுவும் ஆகுது சார்."

ரேகா அதற்குள் வார்டுக்குப் போய்விட்டாள். மதியச் சாப்பாட்டு நேரம். வெளியே வந்ததும் என் கையைப் பிடித்து இழுத்தாள்.

"கெளம்புங்க. ஒரே பொண்ணு, அஞ்சு கட்டில். எல்லாரும் படுத்துக்கினே வாயத் தொறக்கறாங்க. செடிக்குத் தண்ணி ஊத்தறா மாதிரி ஊத்திக்கினே போவுது."

"அமைதியா இருந்துச்சே?"

"இருமக்கூட தெம்பில்லங்க யாருக்கும்."

அடுத்த இடத்தில் பெரும்பாலும் எல்லோருக்கும் மூக்கு வழியே உணவு செலுத்தும் குழாய். அது தேவைப்படுகிறவர்கள் உண்டு. அவர்களுக்கு அது உயிர். ஆனால் அங்கிருந்தவர் அக்காவின் ரிப்போர்ட்டைக் கையில்கூட வாங்காமல், "டியூப் போட்டா டென்ஷனே இல்ல சார்" என்றார். யாருடைய டென்ஷன் என்று சொல்லவில்லை.

மூன்றாவது, ஹெப்பகோடி தாண்டி. இம்முறை அக்கா தானும் வருவேன் என்றாள். நான் தயங்கியதும், குழறியபடியே, "நீயாடா தங்கப் போற?" என்றாள். தங்கப்போகிறவளைக் கேட்காமல் இரண்டு இடம் பார்த்திருந்தோம் என்பது அப்போதுதான் உறைத்தது.

அந்தக் கட்டடத்துக்குப் பெயிண்ட் அடித்து வெகுநாள் ஆகியிருக்கும். நாற்காலிகளில் ஒன்றுக்கொன்று ஒட்டு உறவில்லை. டிவியில் கன்னடமா தமிழா என்று இரண்டு பெரியவர்கள் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். பொறுப்பு நர்ஸ் ஃபிலோமினா. அவரும் தங்கவயல்காரர்.

முந்தைய இரண்டு இடங்களில் பட்டதில் ஒரு கேள்வி தயார் செய்து வைத்திருந்தேன். "கடைசியா இங்க யார் விழுந்தாங்க சிஸ்டர்?"

யாரும் விழுந்ததே இல்லை என்று சொல்லியிருந்தால் திரும்பியிருப்பேன்.

"போன மாசம் ஒருத்தர் பாத்ரூம்ல வழுக்கிட்டாரு. மணிக்கட்டு ஒடஞ்சிச்சு. எங்க தப்புதான். இப்ப யாரையும் தனியா வுடறதில்ல, கதவாண்ட ஆள் நிக்கும்."

எங்களுக்குக் காபி வந்தது. மணம் பட்டதும் அக்காவின் கண் டம்ளரிலேயே நின்றது. ஒரு நாளைக்கு நாலு காபி குடித்தவள். நான் டம்ளரை அவள் உதட்டருகே கொண்டுபோனேன். ஃபிலோமினா அதை என் கையிலிருந்து வாங்கி, எட்டாத இடத்தில் வைத்தார்.

"அது இங்க நடக்காதுண்ணா."

"ஒரு மடக்குதானே சிஸ்டர்."

"அந்த ஒரு மடக்குதான் லங்ஸுக்குப் போவும். பாசம்லாம் அக்கா வூட்டுக்குப் போனப்புறம் காட்டுங்க. இங்க நீங்க ஊட்டணும்னா மொதல்ல கத்துக்கணும். கத்துக்கலன்னா உள்ள வுட மாட்டேன்."

காபியை நீட்டியதை நான் ஒரு சோதனையாகச் செய்தேன் என்று பிறகு பல பேரிடம் பெருமையடித்தேன். பொய். ஆனால் நான் பார்த்ததிலேயே உருப்படியான சோதனை அதுதான். பணம் கட்டப்போகிறவனிடம் முகத்துக்கு நேரே முடியாது என்று சொன்ன இடம் அது ஒன்றே.

அக்கா சிரித்தாள். படுத்ததிலிருந்து முதல் சிரிப்பு, பாதி முகத்தால். "இங்கியே இருக்கேன்" என்றாள்.

நானும் அங்கே மாணவனாகச் சேர்ந்தேன். மாலைச் சாப்பாடு என் பொறுப்பு. என் கண் ஸ்பூனில் இருக்கும். "தொண்டையப் பாருங்கண்ணா, தட்டை அப்புறம் பாக்கலாம்" என்பார் ஃபிலோமினா. விழுங்கும்போது கழுத்து மேடு ஏறி, நின்று, இறங்கும். அது இறங்கும்வரை நான் மூச்சுவிட மறந்துவிடுவேன். சில நாள் பாதிக் கிண்ணத்திலேயே அக்கா களைத்துவிடுவாள். நிறுத்திவிட்டுப் பிறகு தொடர்வோம். அவள் சலித்துக்கொண்ட நாளில் நான் விடவில்லை. நான் சலித்துக்கொண்ட நாளில் அவள் ஸ்பூனைச் சுட்டிக்காட்டி, "குடுடா" என்றாள்.

ஒரு காலை, தெரபிஸ்ட் பொடி கலக்காத தண்ணீரை ஒரு ஸ்பூன் கொடுத்தார். இறங்கியது. "ஆ சொல்லுங்க" என்றார். குரலில் கரகரப்பில்லை, இருமலும் வரவில்லை. இன்னொரு ஸ்பூன். அதுவும் நல்லபடி இறங்கியது. அக்கா கண்ணை மூடிக்கொண்டு அழுதாள். தண்ணீருக்கு ருசி உண்டு என்று பிறகு சொன்னாள்.

அக்கா இப்போது ஆஸ்டின் டவுனிலேயே ஒரு கீழ்த்தளத்து வீட்டுக்கு மாறிவிட்டாள். வலது கை இன்னும் சொன்னபடி கேட்பதில்லை. இடது கையால் இட்லியைப் பிட்டுத் தானே சாப்பிடுகிறாள். நான் எதிரில் உட்கார்ந்து சாப்பிடுகிறேன். நின்றுகொண்டே மூன்று தோசையை முடிக்கிற ஆளாக இருந்தவன், இப்போது என் வாயில் இருப்பது எங்கே போகிறது என்று கவனிக்கிறேன். இத்தனை வருஷம் அது தானாகவே சரியான வழியில் போயிருக்கிறது என்பதை நம்பக் கஷ்டமாக இருக்கிறது.

ஒரு இட்லிக்கு ஒரு சீரியல் ஓடி முடிகிறது. நடுவே நான் ஏதாவது கேட்டால் அக்கா ஒரு விரலை உயர்த்துகிறாள். வெளியே ஆட்டோக்கள் ஹார்ன் அடித்தபடி இருக்கின்றன. நான் அவள் கழுத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். ஏறுகிறது, நிற்கிறது, இறங்குகிறது. விரலும் இறங்குகிறது.

"இப்ப கேளு" என்கிறாள்.