எங்கள் சந்தில் இல்லாத கியர்

டிரைவிங் ஸ்கூல் வாசலை நான் மிதித்ததே இல்லை. மட்டாஞ்சேரியில் சுக்கும் மிளகும் ஏற்றுகிற எங்கள் மினி லாரியை, கணவருக்கு முதுகு பிடித்துக்கொண்டதும் நானே ஓட்டுவது என்று தீர்மானித்தேன். ஞாயிற்றுக்கிழமைகளில் அவரே பக்கத்தில் உட்கார்ந்து, குடோன் சந்தில் சொல்லிக்கொடுத்தார். அங்கே வண்டியைத் திருப்ப இடமே கிடையாது. உள்ளே போனால் அதே வழியில் ரிவர்ஸில்தான் வெளியே வரவேண்டும்.

அதனால் லைசென்ஸ் டெஸ்டில் கம்பிகளுக்கு நடுவே ரிவர்ஸில் 'எச்' வடிவம் போட்டபோது ஒரு கம்பிகூட அசையவில்லை. வரிசையில் நின்றவர்கள் கை தட்டினார்கள். எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் வந்தது.

பிறகு இன்ஸ்பெக்டர் ஏறி உட்கார்ந்து மெயின் ரோட்டில் ஓட்டச் சொன்னார். இரண்டாவது கியரிலேயே வண்டி அலறிக்கொண்டு போனது.

"சேச்சி, தேர்டு இடூ" என்று மூன்றாவது கியரைப் போடச் சொன்னார்.

"சார்... அது எங்க இருக்குன்னே தெரியாது சார். எங்க சந்துல செகண்டுக்கு மேல வேலையே இல்ல."

அவ்வளவுதான், தோற்றேன் என்று நினைத்தேன். அவரோ குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்.

"ரிவர்ஸ் மாத்ரம் படிச்சிட்டு வந்நதாணோ! கிளட்ச் சவிட்டி, மெல்லெ முன்னோட்டு தள்ளு."

கிளட்சை மிதித்துத் தள்ளினேன். அலறல் அடங்கியது. காற்று முகத்தில் அடித்தது. பாலம்வரை போய்த் திரும்பி, கியரை மாற்றி மாற்றிப் போடவைத்துப் பார்த்த பிறகுதான் அவர் கையெழுத்துப் போட்டார்.

இப்போது பாலத்துக்கு அப்பால் தேவராவில் சரக்கு இறக்கிவிட்டு வீடு திரும்பினால், "ஏன் இத்தனை லேட்டு?" என்பார் கணவர். "டிராபிக்" என்பேன். டிராபிக்கே இல்லாத சுற்றுவழியில், மூன்றாவது கியரில் வந்ததை இதுவரை சொன்னதில்லை.