புத்தகப் பெட்டி தூக்க வந்தவன்

சித்தார்த்தன் எனக்குத் தர வேண்டிய பாக்கி எழுநூற்று நாற்பது ரூபாய். நான் சொல்லப்போவதைக் கட்டுக்கதை என்பவர்கள் சொல்லிக்கொள்ளட்டும். அன்றைக்கு அவனோடு பெட்டி தூக்கியவன் நான். பெயர் டில்லிபாபு. வீடு மாற்றுகிறவர்களுக்குச் சாமான் ஏற்றி இறக்குவது தொழில்.

சித்தார்த்தன் பிஎச்.டி. கடைசி வருஷம். ஆராய்ச்சி என்று பெயர்தான். பார்த்ததெல்லாம் அவனுடைய கைடு ஃபிரெட்ரிக் சார் வீட்டு வேலை. கரண்ட் பில் கட்டுவான். சார் பிள்ளையைப் பள்ளியிலிருந்து அழைத்து வருவான். சார் திருத்த வேண்டிய பேப்பரை இவன் திருத்துவான். மிச்ச நேரத்தில், தூங்காமல், தீசிஸ் எழுதுவான். முப்பதாம் தேதிக்குள் அதில் சார் கையெழுத்து விழ வேண்டும். இல்லாவிட்டால் ஐந்து வருஷமும் குப்பை.

அதற்காக, சார் கோபாலபுரத்திலிருந்து மயிலாப்பூருக்கு வீடு மாற்ற ஆள் பிடித்ததும் இவன். கூலியும் இவன் பையிலிருந்து. முன்பணம் போக மிச்சம் 740. நான் தூக்கினால் எனக்குக் கூலி உண்டு. இவன் தூக்கினால் அதுவும் கிடையாது. இந்தப் பிழைப்புக்கா இத்தனை படிப்பு என்று காறித் துப்பத் தோன்றியது.

போன மே மாதம், இருபத்தெட்டாம் தேதி. காலையில் சாமானை வண்டியில் ஏற்றினோம். ஒரு பெட்டிக்கே மூச்சு வாங்கினான். மதியம் ஒரு மணிக்கு, "ரூமுக்குப் போய் திருத்தம் முடிச்சுட்டு வரேண்ணே" என்று கிளம்பினான்.

புது வீட்டுச் சாவி ராத்திரிதான் கிடைத்தது. மூன்றாவது மாடி. லிஃப்ட் கிடையாது. நாற்பத்திரண்டு புத்தகப் பெட்டி.

மணி 8.10. முதல் பெட்டியை இறக்கிவிட்டுத் திரும்பினேன். பின்னால் சித்தார்த்தன் நின்றான். எப்போது வந்தான், தெரியாது. ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு பெட்டியைத் தூக்கினான்.

"இன்னா நைனா, ரெண்டு ரெண்டா தூக்கினு போற? காத்தால ஒண்ணுக்கே நாக்கு தள்ளிச்சே!"

"சீக்கிரம் முடிக்கணும்ணே. கையெழுத்து வாங்கணும்."

"ஒரு கையெழுத்துக்கு இவ்ளோ கூழைக்கும்பிடா?"

ஏறிப் போனான்.

மே மாதப் புழுக்கம். என் சட்டை பிழியலாம் போல இருந்தது. அவன் சட்டையில் ஒரு பொட்டு வேர்வை இல்லை.

படிக்கட்டில் ஆள் வந்தால் தானாக எரியும் விளக்கு. நான் ஏறினேன். எரிந்தது.

அவன் ஏறினான்... எரியவில்லை.

விளக்கு கெட்டுவிட்டது என்று நினைத்தேன். மறுபடி நான் ஏறினேன். எரிந்தது.

பெட்டி கை மாறும்போது விரல் பட்டது. மீன் பெட்டி ஐஸ் மாதிரி...

10.45. கடைசிப் பெட்டி. சார் சோபாவில் சாய்ந்து போனை நோண்டிக்கொண்டிருந்தார்.

"சார்... கையெழுத்து."

"நாளைக்குப் பார்க்கலாம்ப்பா."

"நாளைக்கு முடியாது சார்."

"அப்ப அடுத்த வாரம் வா." தலையைத் தூக்கவே இல்லை, அந்தாள்.

"தினமும் ராத்திரி வரேன் சார்."

நான் வாசலில் நின்று கேட்டேன். "நைனா, என் காசு?"

"சார் தருவாருண்ணே. நான் சொல்றேன். நீங்க போங்க."

இறங்கினேன். வேகமாக.

மேலே... தொப். தொப். பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தான்.

மறுநாள் காலை 9.20. சித்தார்த்தன் நம்பருக்கு அடித்தேன். எடுத்தது அவன் ரூம்மேட் அப்துல் வஹீத்.

"அண்ணே, அவன் இறந்துட்டான். நேத்து மதியம் மூணு இருபது. லேப்டாப் மேல தலை வெச்சபடி... நாலு நாளா தூங்கல."

"இன்னா சொல்ற? ராத்திரி எட்டு மணிக்கு எங்கூட பெட்டி தூக்கினானே!"



"எட்டு மணிக்கு நாங்க மார்ச்சுவரி வாசல்ல நின்னோம்ணே. சாருக்கு அஞ்சு தடவை போன் போட்டோம். எடுக்கல."

செத்தவனை நிற்கவைத்து இரண்டரை மணி நேரம் வேலை வாங்கியிருக்கிறார், பெரிய படிப்பாளி. ஒரு தடவை முகத்தைப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும்.

எட்டு நாள் கழித்து, ராத்திரி, அவரே கூப்பிட்டார். குரல் உடைந்திருந்தது.

"டில்லிபாபு... பெட்டியெல்லாம் உடனே கீழ இறக்கணும். உன் பாக்கி எழுநூத்தி நாப்பதும் தந்துடறேன்."

மணி பார்த்தேன். 8.10.

போனுக்குள்... தொப். தொப்.

"யாரு சார் கூட?"

"கையெழுத்து போட்டுட்டேன்ப்பா... போட்டுட்டேன்... இன்னும் அடுக்கறான்..."

போனை வைத்துவிட்டேன்.

எழுநூற்று நாற்பது என்று நான் அந்தாளிடம் சொன்னதே இல்லை.

கணக்கு நோட்டை எடுத்தேன். சித்தார்த்தன் பாக்கி என்றிருந்த வரியைக் கோடு போட்டு அடித்தேன்.